தண்ணி விடுகிற ஸ்டாப்பும் மூன்று தேசத்து நடிப்பும்

அன்றைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் "நான் பார்க்கலை, எனக்குத் தெரியாது" என்று நழுவக்கூடாது. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் யூனியன் ஆபீஸ் ஆபீசர். பக்கத்தில் அவருடைய ஜீப் டிரைவர். பாதி நேரம் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனாலும் சாட்சி சாட்சிதான். தரையில் மேட்டுத்தெருப் பெண்கள் அத்தனை பேரும், அவர்களுக்கு நடுவில் காலியான பிளாஸ்டிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு நாகம்மாக்கா. அவர் முதுகுக்குப் பின்னால் என் மனைவி செல்வி. மேடையில் கொசு வேஷத்தில் டெய்லர் முனியப்பன். ஆபீசர் வேஷத்தில் நான். யாருடையது என்று இன்றுவரை தெரியாத ஒரு வெள்ளாடு. நான் வாடகைக்கு விடுகிற மைக்செட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லை, அது எனக்குத் தனிக் கவலை. கடைசியாக, வேப்பமரத்தடியில் வால்வு திருகுகிற இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டர் ஸ்டாப்பு.

தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டர்கள் இந்த ஜில்லாவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வால்வைத் திறந்துவிட்டு, ரஷ்யாவைப் பற்றிப் பேசி, ஆளை அழவைத்து, தானும் அழுது, வால்வை மூட மறந்து தெருவைக் குளமாக்கியவர் இந்தப் பூமியிலேயே ஸ்டாப்பு ஒருவர்தான். இதற்கு நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

எங்கள் ஊர்ப் பேரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் ஆபீசர் யாரென்று தெரிந்துவிடும், அவர் சண்டைக்கு வந்தால் என்னால் தாங்க முடியாது. அரூருக்கும் போகலாம், கடத்தூருக்கும் போகலாம், பஸ் மட்டும் எதற்கும் நேரத்துக்கு வராது, அப்படி ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாப்புக்கு முறையான பேர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் இருக்கிறது, அதோடு சரி. வயசுக் காலத்தில் பெங்களூரில் ஒரு நாடகக் குழுவின் பயிற்சிக் கூடத்துக்குச் சமையல் வேலைக்குப் போனார். அவர்களுக்குக் களியும் கீரையும் கிண்டிப் போட்டுக்கொண்டே, சமையலறை ஜன்னல் வழியாகப் பாடம் முழுவதையும் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பி வரும்போது ஒரு கரண்டியும் மூன்று தேசங்களும் கொண்டுவந்தார். கரண்டி தொலைந்துபோயிற்று.

"தம்பி, ரஷ்யாக்காரரு ஒருத்தரு இருந்தாரு. பேரு நம்ம வாயில நுழையாது, வுட்டுரு. அவரு என்ன சொன்னாரு? நடிக்காதடா, அதுவாவே ஆயிடுன்னாரு. உள்ளேருந்து வரணும். ஜெர்மனிக்காரரு வந்தாரு. அட, ஆயிடாதடா, நீ ஆயிட்டீன்னா பாக்கறவன் அழுதுட்டு வூட்டுக்குப் போயி சோறு தின்னுட்டுத் தூங்கிருவான். நடுவால நின்னு 'இது நாடகம்'னு சொல்லு, அவனை ரோசிக்க வையின்னாரு."

"மூணாவது ஆளு?"

"பிரேசில்காரரு. அவரு இவங்க ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிச்சாரு. ஏம்ப்பா, நீங்களே நடிச்சுக்கிட்டு இருந்தா கீழ ஒக்காந்திருக்கறவன் என்னதான் பண்றது? ஸ்டாப்பு சொல்லு, அவனை மேல கூப்புடு, அவன் பண்ணட்டும்னாரு."

"மூணு பேரும் ஒரே எடத்துலயா இருந்தாங்க?"

"ஒரே எடத்துல இருந்திருந்தா கொலை வுழுந்திருக்கும் தம்பி."

பிரேசில்காரர் மேல்தான் அவருக்கு உயிர். டீக்கடை முன்னால் ஒருநாள் மாமனும் மச்சானும் போர்வெல் மோட்டார் பங்குக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கை ஓங்கிய நேரத்தில் "ஸ்டாப்பு!" என்று ஒரு சத்தம். மச்சான் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஸ்டாப்பு நடுவில் புகுந்து, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார்: "இந்த எடத்துல மச்சான் வேற என்ன சொல்லியிருக்கலாம்? யாராச்சும் வந்து செஞ்சு காட்டுங்க." மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் மச்சானைவிட நன்றாகத் திட்டினார்கள். மாமனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சண்டை தீரவில்லை, ஆனால் அன்றைக்கு யாருக்கும் அடி விழவில்லை. பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

ரஷ்யா கொஞ்சம் ஆபத்து. கீழ்த்தெருவில் வால்வைத் திறந்துவிட்டுப் பால்காரருக்கு அழுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். "சும்மா மூஞ்சியைச் சுளிக்கக்கூடாது. உன் வாழ்க்கையில தொலைஞ்சது எதாச்சும் நெனைச்சுக்கோ." பால்காரர் இறந்துபோன எருமையை நினைத்துக்கொண்டார். பொலபொலவென்று ஊற்றிவிட்டது. அதைப் பார்த்து ஸ்டாப்பும் அழுதார். பாலத்துக் கட்டையில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்க, தெருவில் செருப்புகள் மிதந்து போயின. பஞ்சாயத்துத் தலைவர் ஓடிவந்து, "யோவ், தண்ணி போவுதுய்யா!" என்று கத்தினார். ஸ்டாப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் இருங்க, எருமை இப்பத்தான் கீழ வுழுந்திருக்குது" என்றார்.

ஜெர்மனியைத் தன் பிழைப்புக்கு வைத்துக்கொண்டார். எங்கள் மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. தொட்டியிலிருந்து வருவது ஒரே குழாய். கீழ்த்தெரு, நடுத்தெரு, காலனி எல்லாம் குடித்து முடித்தபிறகு மேட்டுக்கு வருவது காற்றுதான். நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வரும். குழாயடிக்கு ஸ்டாப்பு வந்தாலே நாகம்மாக்கா ஆரம்பித்துவிடுவார். அவருக்கு வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபத்தில் இரண்டும்.

"ஏண்டா, உனக்குத் தொட்டி எதுக்குடா, நாடகம் எதுக்குடா? நீரு எல்லி? தண்ணி எங்கடா? நீரு பேக்கு, தண்ணி வேணுண்டா எங்களுக்கு!"

ஸ்டாப்பு இரண்டு கையையும் தூக்குவார். "ஆத்தா, நான் இப்ப தொட்டி ஆபரேட்டரா நின்னுக்கிட்டிருக்கறன். திட்டறதை அவனைத் திட்டு. எனக்கும் அவனுக்கும் சம்மந்தமில்லை."

"ரெண்டு பேரையும் சேர்த்துத்தாண்டா திட்டறன்."

இப்படி இருந்த நேரத்தில்தான் டெங்கு வந்தது. யூனியன் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கக் கூடாது, கொசு முட்டையிடும் என்று சொல்லி, மேட்டுத்தெருவில் வீடு வீடாகப் புகுந்து டிரம்களைக் கவிழ்த்தார்கள். செல்வி நாலு நாளாகச் சேர்த்து வைத்த தண்ணீர் வாசலில் ஓடிற்று. அதை மிதிக்கக்கூட அவளுக்கு மனசு வரவில்லை, ஓரமாக நின்றாள். வருகிற திங்கட்கிழமை மறுபடி வருவோம், டிரம்மில் தண்ணீர் இருந்தால் அபராதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தனிக் குழாய் போடச் சொல்லி நாங்கள் கொடுத்த மனுக்களுக்குப் பதிலே இல்லை.

திங்கட்கிழமைக்கு முன்னால் வந்த சனிக்கிழமை சாயங்காலம் டெங்கு விழிப்புணர்வு நிகழ்ச்சி, ஆபீசர் நேரில் வருகிறார், ஒரு நாடகம் போட வேண்டும் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். நாடகம் என்றதும் ஊரில் யாருடைய பேர் வாயில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் மைக்செட் வாடகை பேச என் கடைக்கு வந்தார். நான் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கவலைப்படுவதில் எனக்கு இந்த வட்டாரத்தில் போட்டி கிடையாது. ஒன்பதாவதில் ஃபெயிலாகிவிட்டால் என்ன செய்வது என்ற கவலையிலேயே எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்.

"அண்ணா, மழை வந்துட்டா?" என்றேன்.

"வந்தா வரட்டும்."

"ஒயர் நனையுமே. நனைஞ்ச மைக்கை ஆபீசர் கையில குடுக்கறோம், ஷாக் அடிக்குது, அவரு அப்படியே வுழுந்துடறாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம், வழியில ரெயில்வே கேட்டு மூடியிருக்குது. அவரு வூட்டம்மா புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு என் கடை முன்னால வந்து நிக்கறாங்க. நான் என்னன்னு பதில் சொல்லுவன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டாப்பு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வால்வுச் சாவியைக் கீழே வைத்தார். அவர் அதைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, இத்தனை வருஷமா உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தன்."

"என்னையா? நான் இங்கதானே கடை வெச்சிருக்கறன்?"

"ரஷ்யாக்காரரு ஒரு சாவி சொன்னாரு. 'அப்படி ஆச்சுன்னா?' அவ்வளவுதான். ஆகாததை ஆன மாதிரி நம்பிக் கேக்கறவன் எவனோ, அவன்தான் நடிகன்னாரு. பெங்களூர்ல அதைப் படிக்கறதுக்குப் பசங்க ஃபீசு கட்டினாங்கப்பா! நீ சும்மா ஒக்காந்துக்கிட்டே பண்ணற. கேட்டு மூடியிருக்குதுன்னயே, எனக்கு அந்தக் கேட்டே தெரிஞ்சுது."

பிறந்ததிலிருந்து எல்லோரும் இதை வியாதி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். செல்வி இதற்காக எனக்கு மந்திரிக்கக்கூடச் சொல்லியிருக்கிறாள். திறமை என்று சொன்ன முதல் மனிதர் ஸ்டாப்பு. அந்த மயக்கத்தில் அட்வான்ஸ் வாங்க மறந்துவிட்டேன்.

தொட்டிக்குக் கீழே ஒத்திகை நடந்தது. ஒத்திகைக்கு வராத ஆள் இருக்கிற தெருவுக்குத் தண்ணீர் தாமதமாகும் என்று ஒரு பேச்சு உண்டு. ஸ்டாப்பு அதை மறுத்தார். ஆனால் எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள்.

கொசு வேஷம் டெய்லர் முனியப்பனுக்கு. அவர் ரெண்டு கையையும் விரித்து 'ங்ங்ங்' என்று பறந்து காட்டி, வில்லன் மாதிரி ஒரு சிரிப்பும் சிரித்தார். ஸ்டாப்பு தலையில் அடித்துக்கொண்டார்.

"முனியப்பா, எந்தக் கொசுவாச்சும் நான் கெட்டவன்னு நெனைக்குமா? அதுக்கு வவுத்துல முட்டை இருக்குது. புள்ளைங்களை எங்க வுடறதுன்னு எடம் தேடி அலையுது. அது ஒரு தாயி. போயி சாக்கடையோரம் கொஞ்ச நேரம் ஒக்காரு, அதும் கஷ்டத்தைப் பாரு."

முனியப்பன் போய் உட்கார்ந்தார். திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு கொசுவே அடிக்கவில்லை. கடையில் கொசுவத்திச் சுருளைக்கூட அணைத்துவிட்டார் என்று அவர் வீட்டம்மா வந்து ஸ்டாப்பை ஏசிவிட்டுப் போனார்.

எனக்கு ஆபீசர் வேஷம். "வேஷம் இல்லை தம்பி, ஆபீசராவே ஆகணும். போயி அவரைப் பாரு" என்று யூனியன் ஆபீசுக்கு அனுப்பினார். நான் ஒரு காலை நேரம் முழுக்க மனு கொடுக்க வந்தவன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நினைத்துப் போனது ஒன்று, பார்த்தது ஒன்று. ஆபீசர் யாரையும் விரட்டவில்லை. ஆள் வந்து குறை சொன்னதும் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியில் துடைப்பார். "பார்க்கலாம்... பார்க்கலாம்" என்பார். நடுவில் போன் அடித்தால், எடுக்கிறதுக்கு முன்னாலேயே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுவார். பேசி முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மறுபடி கண்ணாடி. ஷாக் அடித்தால் என்ன செய்வது, கேட் மூடியிருந்தால் என்ன செய்வது என்று அவரும் நாள் முழுக்க உள்ளே ஓட்டிக்கொண்டிருக்கிறார். என் சாதி!

வந்து ஸ்டாப்பிடம் சொன்னேன்.

"அப்படின்னா அவரு நல்லவரு தம்பி."

"அண்ணா, எனக்குப் பயமா இருக்குது. அவரு முன்னாலயே அவரை மாதிரி செஞ்சா சும்மா வுடுவாரா? உங்க வேலை டெம்ப்ரவரி. அவரு ஒரு வார்த்தை சொன்னா தொட்டிச் சாவி வேற ஆளு கைக்குப் போயிரும்."

"போனா?"

"போனா நீங்க சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"அப்படி ஆச்சுன்னா... களி கிண்டத் தெரியும் தம்பி எனக்கு" என்றார். ஆனால் சாவியை அன்றைக்கு இறுக்கமாகவே பிடித்திருந்தார். நான் கவனித்தேன்.

சனிக்கிழமை வந்தது. மழை வரவில்லை, அதனால் நான் காற்றைப் பற்றிக் கவலைப்பட்டேன். நாடகம் ஆரம்பித்தது. முனியப்பன் பறந்தார். வயிற்றில் முட்டையோடு ஒரு தாய் இடம் தேடுகிற பாவத்தைப் பார்த்து தரையில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி "அய்யோ பாவம்" என்றாள். டெங்குவுக்கு எதிரான நாடகத்தில் கொசுவுக்கு அனுதாபம் கிளம்பிவிட்டது. நான் நடந்துவந்து, "இந்த டிரம்மை எல்லாம் கவுத்துடுங்க! திங்கட்கிழமை வருவோம்!" என்றேன். சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். ஆபீசர் வேஷத்துக்கு அது பொருத்தமாக அமைந்துவிட்டது.

"ஸ்டாப்பு!"

மரத்தடியிலிருந்து சத்தம். நான் நின்ற இடத்தில் நின்றேன். முனியப்பன் ஒற்றைக்காலில் நின்றார்.

ஸ்டாப்பு முன்னால் வந்தார். "இந்த எடத்துல சனங்க என்ன பண்ணியிருக்கலாம்? ஒக்காந்த எடத்துல இருந்து சொல்லக்கூடாது. மேல வந்து செஞ்சு காட்டணும். ஆம்பளை, பொம்பளை, பெரியவரு, சின்னவரு யாரா இருந்தாலும் இதான் ரூலு."

நாகம்மாக்கா குடத்தோடு எழுந்தார். நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"டே மைக்செட்டு..."

"ஆத்தா, அவன் மைக்செட்டு இல்லை. ஆபீசரு" என்றார் ஸ்டாப்பு.

நாகம்மாக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். குரல் மாறிற்று. "சார், கவுக்கச் சொல்றீங்க, சரிங்க. கவுத்துட்டு நான் எதைக் குடிக்கறதுங்க? நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணியை டிரம்முல வெக்காம வாயிலயா வெச்சுக்கறது? கொசுவுக்காச்சும் எங்க வூட்டுல தண்ணி இருக்குது. எங்களுக்கு எங்கைங்க இருக்குது?"

ஒற்றைக்காலில் நின்ற கொசு ஆமாம் என்று தலையாட்டிற்று. பெண்கள் பக்கமிருந்து "கேளுக்கா, நல்லாக் கேளு" என்று சத்தம். அது செல்வியின் குரல்.

எனக்கு வசனம் மறந்துபோயிற்று. நினைவில் இருந்தது யூனியன் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தக் காலை நேரம் மட்டும்தான். வேஷத்துக்குப் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றினேன். சட்டை நுனியில் துடைத்தேன். "பார்க்கலாம்... பார்க்கலாம்" என்றேன்.

மைதானம் சிரிப்பில் அதிர்ந்தது. எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அங்கே நிஜ ஆபீசர், அதே நேரத்தில், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் சடாரென்று எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. டிரைவர்கூட செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நான் ஒண்ணும் அப்படிப் பேசமாட்டேன்!"

அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஸ்டாப்புக்கு வேலை போய்விட்டது. மைக்செட்டைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். தருமபுரிக்குக் கூட்டிப்போய் விசாரிக்கிறார்கள். செல்வி வக்கீல் வீட்டு வாசலில் தோட்டை அடகு வைக்கலாமா என்று நிற்கிறாள். அந்த ஒரு நொடியில் நான் ஜாமீன் வரைக்கும் போய்விட்டேன்.

ஸ்டாப்பு பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டார். "சார், மன்னிக்கணும். அங்க நின்னு சொல்லக்கூடாதுங்க. மேல வந்து செஞ்சு காட்டணும். ரூலு."

ஆபீசர் சுற்றிலும் பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஆடும் பார்த்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார். ஏன் கழற்றினார் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. நான் ஓரமாக ஒதுங்கி மைக்கைக் கொடுத்தேன். துணியால் சுற்றித்தான் கொடுத்தேன், ஷாக் பயம்.

நாகம்மாக்கா அதே கேள்வியை மறுபடி கேட்டார். ஆபீசர் தொண்டையைச் செருமினார். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. உரிய வழிமுறைகளைப் பின்பற்றி..."

"ஸ்டாப்பு! சார், இது ஜெர்மனிங்க."

"என்னது?"

"வெளியில நின்னுக்கிட்டுப் பேசறீங்க. உள்ளேருந்து வரலீங்க. கொஞ்சம் கண்ணை மூடுங்க சார். அப்படி ஆச்சுன்னா... உங்க வூட்டுல, உங்க குழாயில நாலு நாளா தண்ணி வரலைன்னா? உங்க வூட்டம்மா டிரம்மு காலியா கெடக்குதுன்னா?"

ஆபீசர் கண்ணை மூடினார். மூடினவர் திறக்கவே இல்லை. முனியப்பனுக்குக் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. என்ன ஆயிற்றோ என்று நான் பக்கத்தில் போகப் பார்த்தேன், ஸ்டாப்பு கையைக் காட்டித் தடுத்தார்.

"எங்க ஊருலயும் எங்க வூடு மேட்டுலதான்" என்றார் ஆபீசர். அதுவரை 'வீடு' என்று பேசிக்கொண்டிருந்தவர். "எங்கம்மா கெணத்துல இருந்து தூக்கிட்டு வருவாங்க. தோளு காச்சிப்போயிருக்கும்." கண்ணைத் திறந்து நாகம்மாக்காவைப் பார்த்தார். "உங்க தெருவுக்குத் தனிக் குழாய் போட்டுத் தர்றேம்மா. குழாய் வர்ற வரைக்கும் யாரும் டிரம்மைக் கவுக்க வேண்டாம். துணி கட்டி மூடி வெச்சா போதும்."

கைதட்டலில் என் ஸ்பீக்கர் கீச்சென்று கூவிற்று. விசில் பறந்தது. ஆபீசர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யூனியன் ஆபீசில் பதினாயிரம் கையெழுத்துப் போட்டாலும் கிடைக்காத ஒன்று அவருக்குக் கிடைத்துவிட்டது. அவர் ஸ்டாப்பைப் பார்த்து, "மைக் கூவிடுச்சு. எல்லாருக்கும் கேட்டிருக்காது. இன்னொரு தடவை சொல்லட்டுமா?" என்றார்.

"தாராளமாங்க சார்."

இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை கையையும் நீட்டிச் சொன்னார். என் மைக்செட் கூவியதற்காக நான் பெருமைப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். ஆபீசர் ஸ்டாப்பை ஜீப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார். நான் ஒயர் சுருட்டுகிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"இங்க பாருங்க" என்றார் ஆபீசர், மறுபடி ஆபீஸ் குரலில். "நான் சொன்னது நாடகத்துல சொன்னது. அது உங்களுக்குப் புரியுதில்ல?"

"புரியுதுங்க சார்."

என் கையிலிருந்து ஒயர் நழுவிற்று. மேட்டுத்தெருக் குழாய் கண் முன்னாலேயே மண்ணுக்குள் போவது மாதிரி இருந்தது. ஆபீசர் ஜீப்பில் ஏறினார். கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, டிரைவருக்குக் கேட்காத மாதிரிக் கேட்டார்.

"ஒண்ணு சொல்லுங்க. நான் செஞ்சது... உள்ளேருந்து வந்துச்சா?"

ஸ்டாப்பு அவசரப்படவில்லை. சாவியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"பொய் சொல்ல மாட்டன் சார். தொடக்கத்துல வரலீங்க. கையை நீட்டினீங்க பாருங்க, அங்கயும் வரலீங்க. ஒரே ஒரு எடத்துல வந்துச்சு."

"எந்த எடம்?"

"தனிக் குழாய் போட்டுத் தர்றேம்மான்னு மொதல் தடவை சொன்னீங்களே, அங்க. அதை எந்த நாடகத்துலயும் பொய்யாச் சொல்ல முடியாதுங்க சார்."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ஆனால் "பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. ஜீப் போயிற்று.

திங்கட்கிழமை யாரும் டிரம்மைக் கவிழ்க்க வரவில்லை. குழாய் உடனே வந்துவிடவில்லை. நான் இரண்டு மூன்று முறை நம்பிக்கையை இழந்தேன், ஸ்டாப்பு ஒருமுறையும் இழக்கவில்லை. ஒருநாள் பள்ளம் தோண்டுகிற வண்டி வந்தது. பின்னாலேயே ஜீப். ஆபீசர் இறங்கினார். குழாயைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த நாடகம் எப்போ?" என்றார்.

மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏறின காலையில் நாகம்மாக்கா வழக்கம்போல வாசலில் நின்று ஸ்டாப்பை ஏசினார். "ஏண்டா, இவ்வளவு வேகமா வுடற? குடம் உருண்டு போவுதுடா, தேவரே, கடவுளே!" ஸ்டாப்பு கையைத் தூக்கவில்லை. இது ஆபரேட்டருக்கா எனக்கா என்று பிரிக்கவும் இல்லை. முழுசாக வாங்கிக்கொண்டு நின்றார்.

அன்றைய மைக்செட் வாடகையைத்தான் அவர் இன்னும் கொடுக்கவில்லை. பஞ்சாயத்தில் அவர் கையில் கொடுத்துவிட்டார்களாம். அதில் முனியப்பனுக்குக் கொசு இறக்கை வாங்கிவிட்டாராம். கேட்டால் மூன்று தேசமும் வரும். ஒருநாள் ரஷ்யா: கண்ணில் நீர் கோத்து நிற்பார். ஒருநாள் ஜெர்மனி: "தம்பி, இப்ப நான் காசில்லாத மாதிரி நடிக்கறன், நீ நம்பிடாத, ரோசிச்சுப் பாரு" என்பார். ஒருநாள் நான் வாயைத் திறந்ததும் "ஸ்டாப்பு!" என்று கத்தி, ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "இந்த எடத்துல கடன் வாங்கினவன் என்ன சொல்லியிருக்கலாம்?" என்று கேட்டார். இரண்டு பேர் செய்து காட்டினார்கள். இரண்டு பேருமே நல்ல காரணம் சொன்னார்கள்.

தினமும் மேட்டுத்தெரு வால்வைத் திறந்துவிட்டு நேராக என் கடைக்கு வருவார். வாடகையைக் கேட்பேன், ஒரு காட்சி நடக்கும், டீ குடிப்போம், போவார். போன வாரம் வந்தவர் எதுவும் நடிக்கவில்லை. மடியிலிருந்து மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தா தம்பி, கொஞ்சம் கொஞ்சமா அடைச்சுடறன்."

அடைத்துவிட்டால்? நாளைக்கு இவருக்கு இங்கே வர என்ன காரணம் இருக்கிறது? வேறு கடையில் உட்கார்ந்து டீ குடித்தால்? அங்கே பழகிப்போய்விட்டால்?

"சில்லறை இல்லீங்கண்ணா" என்றேன்.

"முழு நோட்டுக்கு எதுக்கு தம்பி சில்லறை?"

நான் சுருட்டி வைத்த ஒயரை மறுபடி சுருட்டினேன். ஸ்டாப்பு என் முகத்தைப் பார்த்தார். பிறகு நோட்டை மறுபடி மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"நடிப்பு ரொம்ப மோசம்" என்றார். "ஆனா உள்ளேருந்து வந்துச்சு."

இன்றைய தேதிக்கு ஸ்டாப்பு எனக்குத் தரவேண்டியது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.